கார்டு கேட்காத மே மாதம்

அன்றைய சென்னை மாநிலத்தில் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் முதலில் வந்த ஊர் கோயமுத்தூர். 1955 ஜனவரி 23. தலைநகரத்துக்கே அது பிறகுதான் போனது. அப்பா அந்தத் தேதியைத் தன் கல்யாணத் தேதியைவிட உறுதியாகச் சொல்வார். அப்போது அவர் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் கார்டிங் டிபார்ட்மெண்டில் பதிலி. சங்கு ஊதுவதற்கு முன்னே கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தர ஆள் யாராவது வராமல் இருந்தால் மேஸ்திரி உள்ளே கூப்பிடுவார். இல்லையென்றால் தூக்குப்போசியோடு திரும்ப வேண்டியதுதான். அப்படிக் கிடைத்த கூலியிலும் ஈஎஸ்ஐ சந்தா என்று வாரம் சில அணா பிடித்தார்கள்.

"காச்சல் வந்தாத்தான டாக்டரு? வராத வாரத்துக்கும் எதுக்குக் காசுன்னு சங்கத்துல போய்ச் சத்தம் போட்டமாக்கும்" என்பார்.

சில வருஷத்தில் அவருக்கே காசநோய் கண்டது. பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். அந்தக் காலத்தில் மில் கூலிக்காரனுக்குக் காசம் வந்தால் முதலில் வேலை போகும், அடுத்துப் பெண்டாட்டி கழுத்தில் இருப்பது போகும், கடைசியில் ஆளும் போவான். அப்பாவுக்கு வேலை இருந்தது. நோய்ப்படி வாங்கும் தொழிலாளியை முதலாளி நீக்கக் கூடாது என்று ஈஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொன்னது. சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி வீட்டுக்கு வந்தபடி இருந்தது. அதை வைத்து ஆத்தா இரண்டு அத்தைகளுக்கும் சோறு போட்டார். ஊர் திரும்பிய பிறகு அப்பா அந்தப் பிடித்தத்தைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1966-இல்தான் நான் பிறந்தேன். அதற்குள் ஈஎஸ்ஐ தொழிலாளியோடு நிற்காமல் குடும்பத்துக்கும் என்று ஆகியிருந்தது. டிஸ்பென்சரிக்குக் காலி பாட்டிலோடு போவோம். கலர் கலராக மிக்சர் ஊற்றித் தருவார்கள். மருந்து என்னவென்பது இப்போது நினைவில்லை. அங்கே அப்பா பேசிய தொனி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தாலுகா ஆபீஸில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அதே மனுஷன், டிஸ்பென்சரி கவுண்டரில் நிமிர்ந்து நிற்பார். மாத்திரை குறைந்தால் "ஏனுங்க, எண்ணிப் பார்த்துக் குடுங்க" என்பார். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தால், "நம்ம காசு புள்ள" என்று திரும்பிச் சொல்வார். பணம் கட்டியவன் கேள்வி கேட்கலாம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அந்த வரிசையில் நின்று படித்தேன்.

1986-இல் நானும் அதே மில்லுக்குப் போனேன். ப்ளோ ரூமில் போட்டார்கள். பஞ்சுப் பேலை உடைத்துக் கொட்டும் இடம். வாராந்திர விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் தேவலை என்றிருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. காசநோய் போன நெஞ்சில் பஞ்சுத் தூசு குடியேறியிருந்தது. ஈஎஸ்ஐ சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பஞ்சுத் தூசு நுரையீரல் நோய் ஒரு தொழில் நோயாகப் பட்டியலில் இருக்கிறது என்பதைச் சங்க ஆபீஸில்தான் தெரிந்துகொண்டேன். பட்டியலில் இருப்பது வேறு, அது இந்த மில்லில்தான் வந்தது என்று மருத்துவ வாரியத்தின் முன் நிலைநாட்டுவது வேறு. மனு எழுத எழுத எனக்குக் கையெழுத்து அழகானது; சங்கத்தில் எல்லோருக்கும் படிவம் எழுதித் தருகிற ஆளாகவும் ஆகிவிட்டேன்.

படிவம் எழுதுகிறவனுக்கு, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வந்துதானே தீரும். சங்கத்தில் மூத்த தோழர் ஒருவர் இரண்டு அறிக்கைகளின் கதையைச் சொன்னார். சுதந்திரத்துக்கு முன்பே இந்த நாட்டின் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. பேராசிரியர் அதார்க்கர் 1944-இல் கொடுத்த அறிக்கை, ஆலைத் தொழிலாளிக்கு: தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் சந்தா கட்டுவது, நோய் வந்தால் மருத்துவமும், வேலைக்குப் போகாத நாளுக்குப் படியும் பெறுவது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் கொடுத்த அறிக்கை, எல்லோருக்கும்: பணம் கொடுக்க முடியவில்லை என்பதற்காக ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது; பெரும்பாலோர் சந்தா கட்ட வழியில்லாத நாட்டில், அரசின் பொது வருவாயிலிருந்தே அதைச் செய்ய வேண்டும். அந்தக் குழுவில் நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் இருந்தார்.

1948 ஏப்ரலில் அதார்க்கரின் வழி சட்டமானது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன், சந்தா கட்டியவர் கட்டாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியது. இங்கே போர் குழுவின் வழிக்குச் சட்டம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன, மருத்துவக் கல்லூரிகள் வந்தன. 1983-இல்தான் நாட்டின் முதல் தேசிய நலவாழ்வுக் கொள்கையே வந்தது. 2000-க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு என்று சுகாதார நிலையச் சுவர்களில் எழுதினார்கள். "மில்லுக்காரனுக்குச் சட்டம், மத்தவங்களுக்குச் சுவர்" என்பார் தோழர். அப்போது எனக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. நான் சட்டத்துக்கு உள்ளே இருந்தேன்.

1996 ஜூலையில் எங்கள் மில் நின்றது. மூடினோம் என்று யாரும் சொல்லவில்லை. கரண்ட் பாக்கி, பஞ்சு வரவில்லை, அடுத்த வாரம் பாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். சங்கு ஊதாத காலையில் தெருவில் யாருக்கும் மணி தெரியவில்லை. அந்தப் பத்தாண்டில் ஊர் முழுக்க இதே கதைதான். நலிந்தவை என்று 1974 சட்டப்படி அரசு ஏற்று நடத்திய தேசிய பஞ்சாலைக் கழக மில்களிலேயே ஆட்கள் விருப்ப ஓய்வில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

ஈஎஸ்ஐ கணக்கு விசித்திரமானது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். ஆக, செத்துப்போன மில்லின் கார்டு 1997 ஜூன் வரை உயிரோடு இருந்தது. தெருவில் பலரும் அந்த ஆறு மாதத்துக்குள் கண் ஆபரேஷன், குடலிறக்கம் என்று தள்ளிப்போட்டதையெல்லாம் அவசரமாகச் செய்துகொண்டார்கள். ஜூன் 30-க்குப் பிறகு கார்டு வெறும் அட்டை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வயதாகி ஓய்வு பெற்ற தொழிலாளி வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் ஈஎஸ்ஐ மருத்துவம் தொடரும். அப்பா முறைப்படி ஓய்வு பெற்றவர். கட்டினார், டிஸ்பென்சரிக்குப் போனார், மாத்திரையை எண்ணி வாங்கினார். முப்பது வயதில் வெளியே நின்ற எனக்கு அந்த வழி இல்லை. நான் ஓய்வு பெறவுமில்லை, நீக்கப்படவுமில்லை. ஒரே வீட்டில் தாத்தாவுக்கு மருத்துவம் சட்டத்தில் இருந்தது. என் மகளுக்கு இல்லை.

கணபதியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். ஆறு பேர் வேலை செய்த இடம். மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் ஈஎஸ்ஐ. பத்தாவது ஆள் வந்தால் பக்கத்தில் இன்னொரு ஷெட் போட்டு வேறு பெயரில் பலகை மாட்டிவிடுவது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதல்ல. பம்புப் பட்டறை, விசைத்தறி, திருப்பூர் பனியன் கம்பெனி என்று கொங்கு நாட்டுத் தொழில் பெருகப் பெருக, சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஆட்களும் பெருகினார்கள்.

அடுத்த வருஷம் மகளுக்கு நிமோனியா. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் வீட்டுக்காரியின் கம்மலும் வளையலும் அடகுக்குப் போயின. மூன்றாம் நாள் திருச்சி ரோட்டில் இருக்கிற ஜிஹெச்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள். ஆனால் மருந்து இருந்தது. 1995-இலிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் கிடங்கு வைத்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பத் தொடங்கியிருந்தது. மருந்துக் கொள்முதல் ஊழல் ஒன்று அம்பலமானதன் பின்னால் பிறந்த நிறுவனம் அது. பட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருந்த ஊசி மருந்தும் மாத்திரையும்தான் என் மகளை எழுப்பி உட்கார வைத்தன. யாரும் கார்டு கேட்கவில்லை. ஆனால் அங்கே நான் அப்பா மாதிரி நிமிர்ந்து நிற்கவில்லை. சீட்டு எழுதுகிறவரிடம், வார்டு கதவைத் திறக்கிறவரிடம், எல்லோரிடமும் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சாமி" என்றுதான் வாயில் வந்தது. மருந்து கொடுத்தது என் வரிப் பணம்தான். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறேன். ஆனால் சம்பளச் சீட்டில் பார்த்த பிடித்தம்போல அது கண்ணுக்குத் தெரிவதில்லையே.

மூன்றாவது வழி 2009-இல் வந்தது. ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கும் நல வாரிய உறுப்பினர்களுக்கும், ஒரு குடும்பத்துக்கு நான்கு வருஷத்துக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை தனியாரிலும் சிகிச்சை. பிரீமியத்தை அரசு ஸ்டார் ஹெல்த் நிறுவனத்துக்குக் கட்டியது. என் மச்சான், அக்காவைக் கட்டியவர், சோமனூரில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். அடுத்த வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு. நாங்கள் வாசலில்கூட நின்றிராத ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஏசி அறையில், ஆபரேஷன் நடந்தது. அவர் பிழைத்தார். அந்த அட்டையை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

ஆனால் வீடு திரும்பிய மச்சான் நான்கு மாதம் தறியில் நிற்கவில்லை. அந்த நான்கு மாதச் சோற்றுக்கு அட்டையில் இடமில்லை. தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கும் இல்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் காப்பீடு. நோயாளி ஆபரேஷன் மேஜையைவிட்டு இறங்கினால் கணக்கு முடிந்தது. 1958-இல் அப்பா சானடோரியத்தில் படுத்திருந்தபோது ஆத்தாவின் அடுப்பு எரிந்தது. அரை நூற்றாண்டு கழித்து அக்காவின் அடுப்புக்கு வட்டிக்கு வாங்கினோம்.

2011-இல் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் போனது. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அரசு நிறுவனமான யுனைடெட் இந்தியாவுக்கு மாறியது. வருஷத்துக்கு 1 லட்சம் என்று தொகையும் கூடியது. 2018 செப்டம்பரில் பிரதமரின் திட்டத்தோடு இணைந்து 5 லட்சமானது. ஒவ்வொரு முறையும் சங்க ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும், நான் படிவம் எழுதுவேன். பழைய அட்டை செல்லுமா என்பதுதான் எல்லோரின் முதல் கேள்வியும். ஈஎஸ்ஐ தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ முதலமைச்சர்கள் வந்துபோனார்கள். ஒருவரும் அதன் பெயரை மாற்றவில்லை. அது பெரும்பாலும் தொழிலாளியும் முதலாளியும் கட்டிய பணம்.

அந்தப் பணமும் இளைத்தது. 2019 ஜூலை 1 முதல் மொத்தச் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். 10,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு மாதம் 100 ரூபாய் மிச்சம், அவருடைய முதலாளிக்கு 150. இரு தரப்பும் மகிழ்ந்தார்கள். நோயாளி தரப்பில் யாரும் கருத்துக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த தேசிய பஞ்சாலைக் கழகத்தின் 23 மில்களும் நின்றன. கோவையில் இருந்த மில்களும் அதில் சேர்த்தி. நின்றவை மறுபடி பழையபடி ஓடவில்லை. அதே நாட்களில் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவமனை கொரோனாவுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஈஎஸ்ஐ கழகம் கட்டிய பெரிய மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள் அவை. மருத்துவக் கல்வி எங்கள் வேலையல்ல என்று கழகம் ஒதுங்கிக்கொண்டதும் மாநில அரசு ஏற்று, 2016-இல் கல்லூரி தொடங்கியிருந்தது. அது மட்டும் அப்படிக் கட்டி நிற்காமல் இருந்திருந்தால் 2021 மே மாதத்தில் கோவை என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் எங்கள் மாவட்டத்தின் ஒரு நாள் தொற்று 4,000-ஐத் தாண்டிச் சென்னையை முந்தியது. அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். விரலில் மாட்டிய கருவி 84 காட்டியது. முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். காப்பீட்டு அட்டையை நீட்டியதும் இடம் இல்லை என்றார்கள். தனியாரில் கொரோனா சிகிச்சைக்கும் அரசே காப்பீட்டில் பணம் கட்டும் என்று மே 7 அன்று, பதவியேற்ற நாளிலேயே, முதல்வர் ஸ்டாலின் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைச் சொன்னேன். "ஆர்டர் எங்களுக்கு இன்னும் வரலைங்க. அட்வான்ஸ் கட்டறீங்களா?" என்றார் கவுண்டரில் இருந்த பையன். அவனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவனிடம் கோபப்பட்டு என்ன செய்ய?

108-ஐக் கூப்பிட்டு ஈஎஸ்ஐக்குப் போனோம். காமராஜர் சாலையில் வாசலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று பக்கத்து மாவட்டத்து வண்டிகளும் இருந்தன. உள்ளே ஒரு கட்டில் காலியானால் வெளியே ஒரு வண்டி நகரும். கட்டில் எப்படியெல்லாம் காலியாகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் யாரிடமும் பேசவில்லை. வண்டிக்குள் இருந்த சிலிண்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் கையைப் பிடித்து, "அந்தக் கார்டு இல்லாம இங்க உடுவாங்களாடா?" என்று கேட்டார். அப்பாவோடு சின்னப் பிள்ளையில் டிஸ்பென்சரிக்குப் போனவர் அல்லவா? ஈஎஸ்ஐ என்றாலே அவருக்குக் கார்டுதான். தறிக்காரர் பெண்டாட்டிக்கு அது ஏது?

இருட்டிய பிறகு எங்கள் முறை வந்தது. முழு உடைக்குள் முகம் தெரியாத நர்ஸம்மா ஒருவர் பெயர், வயது, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை உண்டா என்று கேட்டு எழுதினார். நான் வாழ்நாள் முழுக்க நிரப்பிய காப்பீட்டு எண் என்ற கட்டம் அந்தத் தாளில் இல்லை. வருமானச் சான்று இல்லை. முன்பணம் இல்லை. என் அப்பாவைப் போன்ற லட்சக்கணக்கான மில்காரர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த பனியன் கம்பெனி, பவுண்டரித் தொழிலாளிகளும் மாதாமாதம் கட்டிய சந்தாவில் எழுந்த கட்டடம். உள்ளே மாநில அரசு சம்பளம் கொடுத்த மருத்துவர்களும் செவிலியர்களும். வாசலில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, மூச்சு எவ்வளவு? அதார்க்கர் வழியில் கட்டிய ஆஸ்பத்திரி, அந்தச் சில மாதங்கள் போர் குழு சொன்ன வழியில் நடந்தது. எழுபத்தைந்து வருஷமாகக் கூடாது, முடியாது, கட்டுப்படியாகாது என்று சொல்லப்பட்ட ஒன்று கண் முன்னே நடந்துகொண்டிருந்தது.

மே 30 அன்று முதல்வர் கவச உடை அணிந்து அதே மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் முகமூடியோடு தூங்கிக்கொண்டிருந்தாராம். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தார். ஆம்புலன்ஸ் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியில் இருந்த பெரியவர் உள்ளே போகவேயில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். சந்தா கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகள் தங்கள் மற்ற நோய்களுக்கு அந்த மாதங்களில் வேறிடம் தேட வேண்டியிருந்தது. ஒரு பவுண்டரித் தொழிலாளி சங்கத்தில் என்னிடம் கேட்டார்: "எங்க காசுல கட்டுன ஆஸ்பத்திரிங்க. எங்களுக்கே இடமில்லீன்னா எப்புடிங்க?" நியாயம்தான். எல்லோருக்கும் திறக்க வேண்டுமானால் அதற்கு எல்லோருடைய பணமும் வர வேண்டும். சிலர் கட்டியதைப் பலருக்குப் பிரித்தால் அவசரத்துக்கு ஓடும், நிரந்தரமாக ஓடாது.

கொரோனா தணிந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. கார்டு கேட்டார்கள். அந்த நாட்களில் தற்காலிகமாக எடுத்த செவிலியர்களின் பணியை 2022 டிசம்பர் 31-ஓடு முடித்துவைத்தார்கள். நான் மறுபடி படிவம் எழுத உட்கார்ந்தேன். கொரோனாவில் இறந்த ஈஎஸ்ஐ தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் தரும் நிவாரணத் திட்டம் வந்திருந்தது. தகுதி இருந்த பெண்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அதே தெருவில் தறிக்காரரை இழந்த பெண்ணுக்கு அரசின் 50,000 ரூபாய் மனுவை மட்டுமே எழுத முடிந்தது. அதே வைரஸ்தான், சாவும் ஒன்றுதான். ஒருத்தி வீட்டில் மாதாமாதம் அடுப்பு எரியும். மற்றவள் வீட்டில் ஒரு தடவைதான்.

2015-இல் வந்த தேசிய நலவாழ்வுக் கொள்கை வரைவு, மருத்துவத்தை நீதிமன்றம் போய்க் கேட்கக்கூடிய உரிமையாக்கலாம் என்று பேசியது. 2017-இல் கொள்கை இறுதியானபோது அந்த உரிமை காணாமல் போயிருந்தது. 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்ற வாக்கு மட்டும் மிஞ்சியது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். அந்த வருஷம் பார்த்ததையெல்லாம் பார்த்த பிறகும் அவ்வளவுதான்.

போன மாதம் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி சங்க ஆபீஸுக்கு வந்தாள். மில் விடுதியில் தங்கி ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறாள். சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்திருக்கிறார்கள், எண் கொடுக்கவில்லை. "காய்ச்சல் வந்தா விடுதியிலேயே மாத்திரை தர்றாங்க அண்ணா" என்றாள், இங்கே வந்து கற்ற தமிழில். பிடித்த காசு உன்னுடையது, எண்ணைக் கேள் என்று சொல்லி, நிர்வாகத்துக்கும் ஈஎஸ்ஐ அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினேன். எண் வந்தது. ஊரில் இருக்கிற அம்மாவுக்கும் உண்டா என்று கேட்டாள். உன் சம்பளத்தை நம்பி இருக்கிறவர் என்றால் உண்டு, அதற்கும் படிவம் இருக்கிறது என்று எடுத்து நிரப்பினேன்.

"கட்டட வேலைக்குப் போற அண்ணனுக்கு?"

அதற்கு என்னிடம் படிவம் இல்லை. விடை மட்டும் 1946-லேயே அச்சாகிவிட்டது.